என் புத்தகத்தில் இல்லாத கதவு

முதல் புத்தகம் வந்த அன்று ஈப்போ மண்டபம் ஒன்றில் நான் ஆற்றிய ஏற்புரையை ஒரு சொல் விடாமல் இங்கே தந்துவிடலாம். "அனைவருக்கும் வணக்கம். நன்றி." அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் நான் வாயைத் திறந்தே வைத்திருந்ததாகவும், மைக்கில் மூச்சு மட்டும் வந்ததாகவும் மனைவி பிற்பாடு சொன்னாள். எனக்கு நினைவிருப்பது முன்வரிசையில் இருந்த, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகரின் மீசை மட்டும்தான். அது பார்க்கப் பார்க்கப் பெரிதாகிக்கொண்டே வந்தது. மேடையை விட்டு இறங்கியவன் நேராகக் கழிப்பறைக்குப் போனேன். கையெழுத்து கேட்டு இரண்டு பேர் வெளியே காத்திருந்தார்களாம். நான் வரவில்லை. அவர்களும் புத்தகத்தை வாங்காமலே போய்விட்டார்கள்.

கோப்பிக் கடையில் நான் பேச ஆரம்பித்தால் பக்கத்து மேசைக்காரன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வருவான். அலுவலகத்தில் யார் ஓய்வு பெற்றாலும் பிரிவு உபசாரத்தைக் கலகலப்பாக்குவது நான்தான், அதுவும் உட்கார்ந்த இடத்திலிருந்தே. எழுப்பி நிறுத்தி மைக்கைக் கொடுத்தால் மட்டும் வாய் வேறு யாருடையதோ ஆகிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த நாட்டில் தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் வாயால்தான் விற்கிறது. கடையில் போய் அலமாரியைத் துழாவி வாங்குகிறவர் அபூர்வம். பள்ளி மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ எழுத்தாளர் நின்று பேச வேண்டும். முடிந்த கையோடு வாசலில் மேசை போட்டுவிட வேண்டும். கேட்டவர்களின் மனம் ஆறுவதற்குள், மீ கோரேங் தட்டோடு வரிசை நகர்வதற்குள், விற்றுவிட வேண்டும். பேசாத எழுத்தாளனின் புத்தகங்கள் பெட்டி பெட்டியாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். என் கட்டிலுக்கு அடியில் பூனைகூடப் படுக்க இடமில்லாமல் போயிற்று.

அப்போது என்னைக் காப்பாற்றியவன் என் நண்பன். சிறுவயதில் நாங்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்த ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள். இப்போது அவன் காலையில் பள்ளி வேன் ஓட்டுகிறான். அந்தக் காலத்தில் வாரக்கடைசி ஆனால் அவன் அறிவிப்பாளர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, பதினாறாம் நாள் காரியம், எதுவானாலும் மைக் அவன் கையில்தான். அவன் குரல் கனமானது, ஆனால் யாரையும் அதட்டாது. இறந்த வீட்டில் அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டால், வாய்க்கரிசி போடத் தயங்கி உட்கார்ந்திருக்கிற பிள்ளைகூட எழுந்து வரும்.

"நீ சும்மா பக்கத்துல நில்லு மச்சான். மூஞ்ச மட்டும் எழுத்தாளர் மாதிரி வச்சிக்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான்.

"புத்தகத்தப் படிச்சிட்டியா?"

"அட்டையப் பாத்தேன்ல. அது போதும் லா."

முதல் கூட்டம் பாகான் செராயில், ஒரு பள்ளி மண்டபத்தில். வெளியே வயல், உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி. என் தொகுப்பில் பன்னிரண்டு சிறுகதைகள் இருந்தன. அவன் எழுந்து பதின்மூன்றாவதைச் சொன்னான்.

ஒரு தோட்டம் விற்கப்படுகிறது. எல்லோரும் கம்பெனி கொடுத்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டும். லாரி வந்து நிற்கிறது. ஒருவர் மட்டும் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வீட்டுக் கதவைக் கழற்றுகிறார். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஓடி வந்து சத்தம் போடுகிறார், வீடு கம்பெனி சொத்து என்று. அதற்கு அந்த மனிதர் சொல்கிறார்: "சொவரு ஒங்களுது. கூர ஒங்களுது. தரையும் ஒங்களுது. நான் கல்யாணம் கட்டுனப்ப இந்த வீட்டுக்குக் கதவு கெடையாது, சாக்குதான் தொங்குச்சி. செங்கால் மரப் பலகை வாங்கி இந்தக் கதவப் போட்டது நானு. இது என்னுது." லாரியில் மற்ற சாமான்களோடு கதவும் ஈப்போவுக்கு வருகிறது. மலிவு விலை அடுக்குமாடி, நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்பனும் மகனும் மூச்சு வாங்க மேலே தூக்கி வருகிறார்கள். வைத்துப் பார்த்தால் நிலைக்குப் பொருந்தவில்லை. கதவு அகலம், வாசல் குறுகல்.

"வீட்டுக்குள்ள கதவு இருக்கு. கதவுக்குத்தான் வீடு இல்ல" என்று சொல்லி நண்பன் நிறுத்தினான். மண்டபமே சிரித்தது. சிரித்து முடித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு அந்த மனிதர் நான்கு கல்லை வைத்து அதன்மேல் கதவைப் போட்டுக் கட்டிலாக்கிப் படுத்துக்கொண்டதோடு கதை முடியும். "மிச்சத்தப் புத்தகத்துல படிச்சிக்குங்க!"

புத்தகத்தில் மிச்சம் இல்லை. மொத்தமும் இல்லை. நான் பக்கத்தில் எழுத்தாளர் மாதிரி மூஞ்சை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். மறுக்க வேண்டுமென்றால் மைக்கை வாங்க வேண்டும். வாங்கவில்லை. கொண்டுபோன பெட்டிகள் காலியாகின.

இரண்டு வாரம் கழித்து அங்கிருந்து ஓர் அக்கா போன் செய்தார். "தம்பி, அந்தக் கதவு எத்தனாவது பக்கத்துல வருது? ரெண்டு தரம் பொரட்டிட்டேன்."

"ரெண்டாவது பதிப்புல வரும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனையே அணைத்து வைத்தேன்.

தஞ்சோங் மாலிமில் பல்கலைக்கழக மாணவர்கள் முன்னால் அதே கதவு. ஒரு மாணவி எழுந்து, "சார், அந்தக் கதவ நீங்க ஒரு குறியீடா வச்சீங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "ஆமா" என்றேன். அந்த வருடம் நான் மைக்கில் பேசிய மிக நீண்ட வாக்கியம் அதுதான்.

திரும்பி வரும் வழியில் அவனிடம் கேட்டேன். "ஏன்டா, எங்கேர்ந்துடா இந்தக் கதவப் புடிச்ச?"

"வியாபாரத்துக்கு நாலு விஷயம் சேக்கறதுதான் மச்சான். ஒன் கதையில எல்லாரும் ஜன்னல் வழியா மழையப் பாத்துக்கிட்டே இருக்கானுங்களாம். அத வச்சி நான் எத விக்கிறது?"

"படிக்கலன்னு சொன்ன?"

"வீட்டுக்காரி படிச்சா. சொன்னா."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. விற்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அவன் குரல் கம்ம ஆரம்பித்தபோது வெயில் என்றான், ஐஸ் தண்ணீர் என்றான். ஒரு கல்யாணத்தில் மணமக்களை மேடைக்கு அழைக்கும்போது பாதிப் பேரிலேயே குரல் நின்றுவிட்டது. கூட்டம் அவன் வேண்டுமென்றே இழுக்கிறான் என்று நினைத்துக் கைதட்டியது. மருத்துவமனையில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதை எடுத்துச் சோதித்தார்கள். நோய் என்னவென்று தெரிந்த அன்று நாங்கள் ஈப்போ பழைய நகரத்தில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை போடுவார்கள். உயிருக்கு நம்பிக்கை சொன்னார்கள். குரலுக்குச் சொல்லவில்லை.

பயந்தால் நான் ஜோக் அடிப்பேன். என்னிடம் உள்ள ஒரே மருந்து அது. "அப்ப என் கதவ இனிமே யாருடா விக்கிறது?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கோப்பியைக் கிண்டிக்கொண்டே இருந்தான். பிறகு, காற்று மாதிரி இருந்த அந்தக் குரலில், "அது எங்கப்பன் மச்சான்" என்றான்.

அவனுடைய அப்பாவை நான் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். அதிகம் பேசாதவர். அவர் ஈப்போவுக்குக் குடிபோன காலத்தில் நான் கோலாலம்பூரில் வேலையில் இருந்தேன். அவர் இறந்தபோதும் வரவில்லை. கதவைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறிய மகன் இவன்தான் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"இத்தன நாளா ஏன்டா சொல்லல?"

"சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன். ஊர் ஊரா." இருமினான். "எங்கப்பனப் பத்தி நாலு வார்த்த கேளுங்கன்னா எவன்டா ஒக்காந்து கேப்பான்? எழுத்தாளர் புத்தகத்துல இருக்குன்னா கேக்கறான்."

நான் உடனே சொன்னேன், வீட்டுக்குப் போய் இன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்று. அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"எழுதுனா யாரு படிக்கிறா? நானே ஒன் புத்தகத்தப் படிக்கல. நின்னு சொல்லு. மூணு மாசம் கழிச்சி கூட்டம் இருக்குல்ல. நான் முன்னால ஒக்காந்திருப்பேன். எனக்கு ஒரு தரம் காதுல கேக்கணும்."

"என்னால முடியாதுடா. ஒனக்குத் தெரியும்."

"தெரியும்" என்றான். "அதுக்குத்தான் கெஞ்சறேன்."

அவன் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

அறுவை சிகிச்சை முடிந்து அவனைப் பார்க்கப் போனேன். கழுத்தில் கட்டு, குழாய். என்னைக் கண்டதும் ஏதோ சொன்னான். உதடு அசைந்தது, ஒலி இல்லை. வழக்கம்போல நான் ஏதோ உளறினேன். அவன் சிரித்தான். தோள் இரண்டும் குலுங்கின, சத்தம் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. பார்க்கிங் டிக்கெட் முடிகிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

பயிற்சியைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் ஆரம்பித்தேன். அதற்குத்தான் மீசை இல்லை. "மாண்புமிகு அவர்களே, டத்தோ அவர்களே" என்று அதற்குத் தினமும் வணக்கம் சொன்னேன். பக்கத்து வீட்டுச் சீன அம்மா வேலியோரம் என் மனைவியைக் கூப்பிட்டு, "யூ புன்யா லோகோங், ஓகே கா?" என்று மெதுவாக விசாரித்தாராம், உன் வீட்டுக்காரர் நன்றாகத்தானே இருக்கிறார் என்று.

மனைவி வந்து என்னிடம், "என்னாங்க, இங்கேர்ந்து தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி கிட்டத்தான். நானே கொண்டுபோய் விட்டுருவேன். சத்தத்தக் கொறைங்க" என்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்க. நான் கேக்கறேன்." அவளிடம்கூடக் கதவை லாரியில் ஏற்றும் இடம் வரைதான் சொல்ல முடிந்தது.

கூட்டத்தன்று மண்டபம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. நண்பன் மூன்றாவது வரிசையின் ஓரத்தில், கழுத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, மனைவியோடு உட்கார்ந்திருந்தான். புதிய அறிவிப்பாளர் ஓர் இளம்பெண். நன்றாகத்தான் பேசினாள். என் பேரைச் சொல்லி அழைத்தாள். எழுந்தேன்.

வணக்கம் சொன்னேன். ஒரு டத்தோவை விட்டுவிட்டு, திரும்ப வந்து அவருக்கும் சொன்னேன். பிறகு ஒன்றும் வரவில்லை. மைக்கில் அதே மூச்சுச் சத்தம். யாரோ இருமினார்கள். பின்னால் சமையல் பக்கம் தட்டு அடுக்கும் ஒலி கேட்டது. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கண் தானாகத் தேடியது. அப்போது நண்பனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, காது கொடுக்கத் தயாராக, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"நான் சொல்லப்போறது என் புத்தகத்தில் இல்லை" என்றேன்.

அது நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் இல்லை. புத்தகம் விற்க வந்தவன் சொல்லக்கூடிய வாக்கியமும் இல்லை. ஆனால் அதைச் சொன்னதும் அடுத்தது வந்தது. இந்தக் கதையைப் பல ஊர்களில் என் புத்தகத்தின் பேரில் கேட்டிருப்பீர்கள், அது என்னுடையதில்லை, சொன்னவருடைய அப்பாவின் கதை, சொன்னவர் இங்கேதான் இருக்கிறார் என்றேன். மண்டபத்தில் சலசலப்பு. நண்பன் கண்ணைத் திறந்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டு லாரியை ஓட்டினேன், கிராணியை ஓடிவரச் செய்தேன், சுவர் உங்களது, கூரை உங்களது என்றேன். வேகமாகச் சொன்னேன், யாரோ துரத்துவதுபோல. சிரிக்க வேண்டிய இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. கதவைக் கல்லின்மேல் போட்டு அவர் படுத்துக்கொண்டார் என்று முடித்தேன்.

முடித்துவிட்டேன் என்ற நிம்மதியோடு நன்றி சொல்ல வாயெடுத்தபோது நண்பன் எழுந்தான். மேடைக்கு வந்தான். பொன்னாடை போர்த்த வருகிறான் என்று சிலர் கைதட்டப் பார்த்தார்கள். அவன் என் பக்கத்தில் நின்று, என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, மெதுவாக உதட்டை அசைத்தான்.

"இன்னும் இருக்கு."

அத்தனை கூட்டங்களில் அவன் வாயைப் பக்கத்திலிருந்து பார்த்தே நின்றவன் நான். அதைப் படிப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை.

"இன்னும் இருக்காம்" என்று மைக்கில் சொன்னேன்.

அவன் சொன்னான், நான் சத்தம் கொடுத்தேன். அப்பா இறந்தது அந்தக் கதவின்மேல்தான். படுத்தவர் எழவில்லை. சவப்பெட்டிக்காரர்கள் படிக்கட்டைப் பார்த்துவிட்டு, பெட்டியை நான்காவது மாடிக்குத் தூக்க முடியாது, திருப்பத்தில் முட்டும், நீங்கள் அவரைக் கீழே கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். போர்வையில் சுற்றித் தூக்கலாம் என்றார் ஒரு மாமா. இவன் முடியாது என்றான்.

அடுத்ததை அவன் உதட்டால் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் விரித்து அகலம் காட்டினான். பிறகு உள்ளங்கைகளைக் கீழே கொடுத்துத் தூக்கினான். எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் சொல்ல முடியவில்லை. அவன் காத்திருந்தான்.

"கதவோடயே தூக்கினாங்க" என்றேன்.

அவன் தலையசைத்தான். ஆறு பேர். ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடிச் சுவருக்கு மேலே உயர்த்தித் திருப்பினார்கள். செங்கால் மரம், கனம் சொல்லி முடியாது. இவன் முன்னால், கீழ்ப்படியில். இறங்கும்போது பாரமெல்லாம் இவன் பக்கம் சரிந்தது. நண்பன் தன் வலது தோளை இரண்டு விரலால் தட்டிக் காட்டினான். திரும்பவும் தட்டினான்.

"அப்பாவோட கால், அவன் தோள்ல இடிச்சிக்கிட்டே வந்திருக்கு. கீழ வரைக்கும்."

அது என் வாயிலிருந்து வந்த ஒலி. ஆனால் சொன்னது அவன். மண்டபத்தில் கைதட்டல் இல்லை. எங்கள் மக்கள் கைதட்டாமல் இருந்து நான் கண்டதில்லை. முன்வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், யாழ்ப்பாணத்துப் பரம்பரை, கூட்டங்களில் எங்கள் தமிழை எல்லோர் முன்னாலும் திருத்துகிறவர், எழுந்து நின்றார். அவர் நின்றதால் மற்றவர்களும் நின்றார்கள். இறந்த வீட்டில் எழுந்து நிற்பது மாதிரி இருந்தது. அறிவிப்பாளர்ப் பெண் வந்து, தேநீர் விருந்து தயார் என்றாள்.

வாசல் மேசையில் விற்பனை எப்படி என்று கேட்காதீர்கள். ஒருவர் ஏற்கெனவே வாங்கியிருந்த புத்தகத்தைக் கொண்டுவந்து திரும்ப வைத்தார். "அப்ப அந்தக் கதவு இதுல நெசமாவே இல்லியா?"

"இல்லைங்கண்ணே."

"அப்புறம் இத வச்சிக்கிட்டு நான் என்னா செய்றது?"

ஜன்னல் வழியா மழை பார்க்கலாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவர் புத்தகத்தை மேசையில் விட்டுவிட்டு, கறிபாப் தட்டோடு நின்றிருந்த நண்பனிடம் போய், அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

கதவு இப்போதும் அதே நான்காவது மாடி வீட்டில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அவன் மனைவி அதில் ஆணி அடித்துப் பள்ளி வேன் சாவியை மாட்டுகிறாள்.

அன்று தன் மனைவியை முதலில் வீட்டில் இறக்கிவிட்டு, என்னை வீட்டில் விட அவன்தான் வேனை ஓட்டினான். ஓட்டிக்கொண்டே அவனால் பேச முடியாது. சாலையைப் பார்த்தால் எனக்கு உதடு தெரியாது. அதனால் சிவப்பு விளக்கில்தான் எங்கள் பேச்சு.

முதல் விளக்கில் திரும்பி, "ரொம்ப வேகம்" என்றான்.

"உயிரக் கையில புடிச்சிக்கிட்டு நின்னவன்கிட்ட வேகத்தப் பத்திப் பேசறியா?" என்றேன். விளக்கு பச்சையாகிவிட்டது.

அதன்பிறகு எல்லா விளக்குகளும் பச்சையாகவே இருந்தன. அவன் இரண்டு தடவை என் பக்கம் திரும்பப் பார்த்துத் திரும்பாமல் ஓட்டினான். பொறுக்காமல் சிக்னல் போட்டு, வேனை ஒரு டயர்க் கடையோரம் நிறுத்தினான். உள்விளக்கைப் போட்டு முழுதாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"எங்கப்பா பேர நீ சொல்லவே இல்ல."

நினைத்துப் பார்த்தேன். உண்மைதான். அத்தனை டத்தோக்களின் பேரையும் சொல்லியிருந்தேன், விட்டுப்போனவருக்குத் திரும்ப வந்துகூட. அவரை 'அப்பா' என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். நண்பனும் எந்த ஊரிலும் சொன்னதில்லை. அது என் புத்தகத்து ஆள் என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தான்.

"அடுத்த கூட்டத்துல சொல்லிர்றேன்டா."

"இப்ப சொல்லு."

"இங்கேயா?"

அவன் காத்திருந்தான், மேடையில் காத்திருந்த மாதிரியே. வேனுக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். அப்படியும் ஒரு தரம் வெளியே பார்த்துக்கொண்டேன். அவர் பேரைச் சொன்னேன். அவன் உள்ளங்கையை மேல்நோக்கி அசைத்தான், இன்னும் சத்தமாக என்று.